ஏழரை சென்டிமீட்டர் சுவர்

இருந்த இடத்தை விட்டு அசையாமலே மூன்று மாவட்டம் பார்த்த ஊர் ராமாபுரம். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம், பிறகு மைசூர் மாவட்டம், 1997-லிருந்து சாமராஜநகர் மாவட்டம். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியம் கன்னடத்தில் முடிகிற எல்லைப் பகுதி. இங்கே மனை என்று யாரும் சொல்வதில்லை, ‘சைட்’. வீடு கட்டப் போகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்ததுமே வருகிற முதல் கேள்வி, “தர்ட்டி ஃபார்ட்டியா?” முப்பதுக்கு நாற்பது அடி.

அப்படி ஒரு சைட்டின் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மேஸ்திரியை வரச்சொல்வதற்கு முன் வீட்டைக் கணினியில் ஒரு முறை முழுசாகக் கட்டிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். செங்கல் கிடையாது, சிமென்ட் கிடையாது, கூலி கிடையாது. ஆனால் ராமாபுரத்தில் எந்த வீட்டுக்கும் வராத சிக்கல்களெல்லாம் இந்த வீட்டுக்கு வந்தன.

முதல் சிக்கல், தரை வரவில்லை. அவர் எடுத்துக்கொண்ட ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளை 2000-ல் அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்டது. 2006-ல் கூகுள் வாங்கியது, 2012-ல் டிரிம்பிள் நிறுவனத்துக்கு விற்றது. அதில் நான்கு கோடு போட்டு மூடினால் நடுவே ஒரு பரப்பு தானாக நிரம்ப வேண்டும். வாத்தியார் போட்டார், நிரம்பவில்லை. கோடுகள் ஒன்றையொன்று தொடுவதாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. திரையருகே போய், உருப்பெருக்கி, இன்னும் பெருக்கிப் பார்த்தால் ஒரு மூலை லேசாக வாய் திறந்திருந்தது. அதை மூடினார். அப்போதும் வரவில்லை. இன்னொரு மூலை தரையிலிருந்து மயிரிழை எழும்பி நின்றிருந்தது. நாலு மூலையும் ஒரே தளத்தில் இருந்தால்தான் பரப்பு.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஒரு நூல் அப்படி இப்படி இருந்தா என்ன சார், பூச்சுல வாங்கிக்கலாம்.” ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஸ்கெட்ச்அப்பின் பொறுமை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது மேஸ்திரியின் ஒரு நூலுக்குள் அது நூற்றிருபத்தைந்து முறை கோபித்துக்கொள்ளும். பூச்சு வேலை என்ற கருணை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மைசூரில் சிவில் டிப்ளமா படிக்கும் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தவள் இதைப் பார்த்தாள். “மாமா, நீளத்துக்கு முன்னாடி புழு மாதிரி ஒண்ணு நெளியுதே, கவனிச்சீங்களா?” காட்டும் அளவுக்கு முன்னால் ஒரு நெளிகோடு நின்றால், இந்த எண் சுமார்தான், உண்மை இதற்குப் பின்னால் இருக்கிறது என்று மென்பொருள் ஒத்துக்கொள்கிறது என்று பொருள். வாத்தியாரின் ஹால் முழுக்கப் புழு. கையால் இழுத்து அந்தாஸாகக் கோடு விட்டால் இப்படித்தான். கோடு அச்சுக்கு இணையாகப் போகும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறும். அந்த நிறம் வந்த பிறகு அளவை விசைப்பலகையில் தட்டி எண்டர் கொடுக்க வேண்டும். அமைப்பில் ‘லெங்த் ஸ்னாப்பிங்’ என்று ஒன்று வழக்கமாக விழித்தே இருக்கும். உதவி செய்வதாக நினைத்து நீளத்தைத் தன் இஷ்டத்துக்கு முழுமைப்படுத்துகிற அதை அணைத்துவிடுவது நல்லது.

வாத்தியார் கோபத்தில் கட்சி மாறினார். ஸ்வீட் ஹோம் த்ரீடி என்ற மென்பொருள் இலவசம். சுவர் என்று சொன்னால் சுவராகவே எழுப்பும், கோடு கோடாக மூட வேண்டியதில்லை. எழுப்பியது. ஆனால் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது போடுகிற சுவரின் கனம் ஏழரை சென்டிமீட்டர். ஏழரை என்றதும் வாத்தியாரின் மனைவி அந்த அறையை விட்டே போய்விட்டார். ஒன்பது அங்குலம் என்று மாற்றினார்கள். மாற்றியதில்தான் பெரிய வினை வந்தது.

பெரிய படுக்கையறை உள்ளளவு பதினோரு அடி இருக்க வேண்டும் என்று மனையடி பார்த்து முடிவாகியிருந்தது. பத்தும் பதினொன்றும் நல்லது, பன்னிரண்டும் பதின்மூன்றும் ஆகாது என்பது மனையடிக்காரர்கள் கணக்கு. வாத்தியார் பதினோரு அடிக்குச் சுவர் வரைந்தார். இந்த மென்பொருளோ சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு அளக்கிறது. இரு பக்கமும் அரைச் சுவராக நாலரை நாலரை அங்குலம் உள்ளே வந்து, பதினோரு அடி அறை பத்தடி மூன்று அங்குலமாகிவிட்டது. பத்தேகால் அடிக்கு மனையடி சாஸ்திரத்தில் பலனே கிடையாது; நல்லதா கெட்டதா என்று தெரியாத அந்தரத்தில் ஒரு படுக்கையறை. உள்ளளவோடு ஒரு சுவர்க்கனத்தைக் கூட்டிப் பதினோரு அடி ஒன்பது அங்குலமாக வரைந்தால் விஷயம் முடிந்தது. திட்ட வரைபடம் போடுகிற யாராக இருந்தாலும், அந்த மென்பொருள் எங்கிருந்து எங்கே அளக்கிறது என்பதை முதல் சுவரிலேயே கேட்டுவிட வேண்டும். ஐந்தாவது அறையில் கேட்டால் அழுகை வரும்.

அளவு என்றால் அடியா மில்லிமீட்டரா என்பது தனி வழக்கு. நம் நாடு 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு மாறியது. சைட் மட்டும் அடியிலேயே நிற்கிறது. கம்பி மில்லிமீட்டரில் வருகிறது. டைல்ஸ் இரண்டு வேஷமும் போடுகிறது. கடையில் ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்று கேட்டு வாங்குவது உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்பது 609.6. வாத்தியாரின் இருபதடி ஹாலில் பத்து டைல்ஸ் போட்டால் ஓரத்தில் 96 மில்லிமீட்டர், ஏறக்குறைய நாலு அங்குலம், மண் தெரிகிறது. மென்பொருளின் கோளாறு என்று அதைத் திட்டினார். இந்த ஒரு தடவை அது சொன்னதுதான் சரி. கடைக்காரரும் மேஸ்திரியும் சேர்ந்து காலங்காலமாக மறைத்துவந்த நாலு அங்குலத்தை அது பச்சையாகக் காட்டிவிட்டது.

அடுத்தது பேய். ஸ்கெட்ச்அப்புக்கே திரும்பி, பரப்பெல்லாம் வந்து, கான்கிரீட் தரைமேல் டைல்ஸ் பரப்பை வைத்தார். வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது தரை மினுக் மினுக்கென்று கோடுகோடாகத் துடித்தது. “வோல்டேஜ் கம்மிங்க” என்றார் மனைவி. வோல்டேஜ் இல்லை. டைல்ஸும் கான்கிரீட்டும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒரே உயரத்தில் இருந்தன. ஒவ்வொரு புள்ளியிலும் எது முன்னால், எது பின்னால் என்று கிராபிக்ஸ் கார்டு பார்க்கிறது. இரண்டும் சமம் என்றால் தசமப் பிசிறு எந்தப் பக்கம் சாய்கிறதோ அது ஜெயிக்கிறது. கோணம் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது. இசட்-ஃபைட்டிங் என்று இதற்குப் பெயர். டைல்ஸை அதன் கனத்துக்குத் தூக்கிவிட்டால் போதும். இல்லாவிட்டால் ஒன்றை அழித்துவிட்டு மற்றதன் மேல் டைல்ஸ் படத்தைப் பூசிவிடலாம். இவ்வளவு நாள் துல்லியம் துல்லியம் என்று உயிரை வாங்கிய எந்திரம், துல்லியமாக வைத்ததற்குத் துடிக்கிறதே என்று வாத்தியார் நொந்துபோனது நியாயம்தான்.

சர்வேயர் தந்த வரைபடக் கோப்பை இறக்கியபோது சுவர்கள் நடுங்கவே ஆரம்பித்தன. கிட்டே போகப் போகக் கோடுகள் உடைந்து எகிறின. அந்தக் கோப்பில் சைட்டின் அளவுகள் பூமத்திய ரேகையிலிருந்து எண்ணப்பட்டிருந்தன. ராமாபுரம் அங்கிருந்து வடக்கே 13 லட்சம் மீட்டருக்கும் மேல். திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் எந்த எண்ணிலும் சுமார் ஏழு இலக்கம்தான் நினைவில் வைக்கும். 13 லட்சத்துக்கு அப்பால் அதற்குத் தெரிந்த அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே பன்னிரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. நாலரை அங்குலச் சுவரின் கனமே அதைவிடக் குறைவு. சுவரின் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று அது தடுமாறாமல் என்ன செய்யும்? சைட்டின் ஒரு மூலையைப் பூஜ்யப் புள்ளிக்கு நகர்த்தினால் நடுக்கம் நின்றுவிடும். தென்மேற்கு மூலையை நகர்த்தினால் எல்லா எண்ணும் கூட்டலில் வரும் என்றாள் அக்கா மகள். கன்னி மூலை! வாஸ்துவும் கணினியும் கைகுலுக்கிய ஒரே இடம் அதுதான்.

ஸ்வீட் ஹோமில் கட்டிய வீட்டிலோ கட்டில் புல்தரையில் கிடந்தது. அங்கே சுவர் எழுப்பினால் தரை வந்துவிடாது. அறை என்று தனியாகச் சொல்ல வேண்டும். அறைக் கருவியை எடுத்து உள்ளே இரட்டைச் சொடுக்குப் போட்டால் தரையும் கூரையும் வரும், சுவர்கள் மூலையில் சேர்ந்திருந்தால். வாத்தியார் வருத்தப்பட வேண்டாம். 1975-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் கணினியில் வடித்த தேநீர்க் கெண்டி, உலகத்தில் கணினி வரைகலை படித்த எல்லோரும் அறிந்த கெண்டி, முதலில் அடிப்பாகமே இல்லாமல்தான் இருந்தது.

பிறகு ஸ்கெட்ச்அப்பில் கணினி படுத்துக்கொண்டது. காரணம் வீடு அல்ல. ஹாலில் தொங்க இணையத்திலிருந்து இறக்கிய சரவிளக்கு. அதன் கண்ணாடி மணி ஒவ்வொன்றிலும் வீடு மொத்தத்துக்கும் இருப்பதைவிட அதிகப் பரப்புகள். விளக்கை அழித்தும் கனம் குறையவில்லை. அழித்த பொருளின் அச்சு கோப்புக்குள்ளேயே தங்கும். ‘பர்ஜ் அன்யூஸ்டு’ கொடுத்தால்தான் வெளியேறும்.

கடைசியாக மாடிப்படி. ஸ்வீட் ஹோமின் பட்டியலிலிருந்து படியை இழுத்து, ஹால் ஓரத்தில் இருந்த எட்டடி இடத்துக்குள் பிடித்து நெருக்கினார். மென்பொருள் மறுபேச்சுப் பேசவில்லை. மேஸ்திரி திரையை ஒரே ஒரு முறை பார்த்தார். “இதுல ஏற நம்ம மாதேஸ்வரன் மலைக்கு மாலை போட்டுக்கணும் சார்.” பத்தடி உயரத்துக்கு, தேசியக் கட்டட விதி சொல்கிறபடி ஒரு படி 190 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்றால் பதினேழு ஏற்றம் வேண்டும், மிதிகல் 250-க்குக் குறையக்கூடாது என்றால் பதினாறு மிதிக்கு நாலு மீட்டர், பதின்மூன்று அடி ஓட்டம். நேர்ப்படிக்கு அங்கே இடமே இல்லை. இன்னும் கொஞ்சம் இடம் விட்டு, பாதியில் திரும்பும் படியாக மாற்றினார்கள். நடுமேடையின் அடியில் நாலே முக்கால் அடி உயரத்துக்கு ஒரு பொந்து மிஞ்சியது. அதில் இன்வெர்ட்டர் வைக்கலாம் என்கிறார் வாத்தியார். அரிசி மூட்டைக்கு என்கிறார் மனைவி. மேஸ்திரிக்கு இரண்டும் சம்மதம். சம்ப்பும் செப்டிக் டாங்கும் படத்தில் எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.