கனடாக்காரன் வருகிற கணக்கு

ஸ்காபரோ, கனடா
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி: வருகிற ஓகஸ்ட் மடுத் திருவிழாவுக்குக் குடும்பமாக வருகிறோம். அடுத்தது, அதற்குப் போட்ட கணக்கு. இதை வட்சப்பில் சொன்னால் "காசை ஆர் கேட்டது, நீ வா" என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள். கடிதத்தை இடையில் மறிக்க முடியாது. அதனால்தான் பேனையை எடுத்தேன்.

கனடாவில் லீவு எடுப்பதே ஒரு தனிப் படிப்பு. ஒன்ராறியோச் சட்டப்படி ஒரு வருடம் வேலை செய்தால் இரண்டு கிழமை லீவு. ஒரே இடத்தில் ஐந்து வருடம் தாண்டினால் மூன்று கிழமை. லீவுச் சம்பளம் முதலில் 4 சதவீதம், ஐந்து வருடத்துக்குப் பிறகு 6 சதவீதம். கேட்க வடிவாக இருக்கிறதா? தொழிலாளி சம்மதித்தால் இந்தச் சதவீதத்தை ஒவ்வொரு சம்பளத்தோடும் சேர்த்துத் தந்துவிடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நானும் சம்மதித்தேன். அந்தக் காசு பாலாகவும் பாணாகவும் மின்சார பில்லாகவும் அவ்வப்போது வயிற்றுக்கும் சுவருக்குள்ளும் போய்விட்டது. ஆகவே ஓகஸ்டில் எனக்கு லீவு இருக்கும், சம்பளம் இராது. உங்கள் மச்சாளுக்குச் சம்பளம் இருக்கும், லீவுதான் இழுபறி. இருவரையும் சேர்த்தால் ஒரு முழு மனிதன் விடுமுறையில் வரலாம்.

அடுத்தது டிக்கெட். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் கிடையாது. டோகா, டுபாய், லண்டன் என்று எங்காவது இறங்கி ஏற வேண்டும். யூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடுகிறது, செப்ரெம்பரில் திறக்கிறது. இது எங்களுக்குத் தெரிவதற்கு முன்னமே விமானக் கொம்பனிகளுக்குத் தெரியும். எனவே ஆளுக்கு 2,000 டொலர் என்று போட்டிருக்கிறேன். நாலு பேருக்கு 8,000. இதை உடனே ரூபாயில் பெருக்கி "பதினாறு லட்சமோ!" என்று வாயைப் பிளக்காதீர்கள். ரூபாயில் பெருக்கினால் நான் பணக்காரன். மணித்தியாலத்தில் வகுத்தால்தான் என் உண்மை நிலை தெரியும். இந்த 2025 தொடக்கத்தில் இங்கே ஆகக் குறைந்த கூலி மணிக்கு 17 டொலர் 20 சதம். அந்தக் கூலிக்கு நிற்கும் ஒருவன் 8,000 டொலர் உழைக்க ஏறக்குறைய 465 மணித்தியாலம் நிற்க வேண்டும். கிழமைக்கு நாற்பது மணி என்றால் கிட்டத்தட்ட பன்னிரண்டு கிழமை. அதுவும் வரி கழிக்க முன்னம். ஒரு நாள் வானத்தில் பறக்க மூன்று மாதம் தரையில் கால்கடுக்க நிற்கிற பறவை இனம் உலகத்திலேயே நாங்கள் ஒன்றுதான்.

இந்த இடத்தில் அப்பப்பாவை நினைத்துப் பொறாமைப்பட்டேன். 1914இல் ரயில் தலைமன்னார் இறங்குதுறைக்கு வந்ததிலிருந்து கொழும்புக் கோட்டையில் ஒரு டிக்கெட் எடுத்தால் போதும்: ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில், பிறகு எழும்பூர். இடையில் இருந்தது ஒரு துண்டுக் கடல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போய்வந்தது. எண்பதுகளில் அதுவும் நின்றது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்டார்கள். எங்கள் தலைமன்னார்த் துறையை யாரும் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. வெளிநாடு போவதற்கு வீட்டுக் கோடியில் வழி வைத்திருந்த ஊரில் பிறந்துவிட்டு, நான் பாதி உலகத்தைச் சுற்றி வருகிறேன்.

காசுக்கு என்ன வழி என்று அத்தான் கேட்பார். சீட்டுத்தான். ஸ்காபரோவில் வங்கிகள் சந்திக்குச் சந்தி இருந்தாலும் எங்கள் சனம் வீடு, கலியாணம், ஊர்ப்பயணம் மூன்றையும் சீட்டில்தான் நம்பியிருக்கிறது. நானும் ஒன்று கட்டுகிறேன். முந்தி எடுத்தால் கழிவு கூட. பிந்தி எடுத்தால் ஓகஸ்ட் போய்விடும். கடனட்டையில் டிக்கெட் எடுத்தால் வருட வட்டி இருபது சதவீதத்தை முட்டும். கழிவா வட்டியா என்று நானும் மச்சாளும் பாராளுமன்றம் போல இரவிரவாக விவாதித்தோம். கழிவு வென்றது. எதிர்க்கட்சி இன்னும் வெளிநடப்பில் இருக்கிறது.

"டொலர் ஏறியிருக்கு, உனக்கென்ன" என்று போன முறை ஒருவர் சொன்னார். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது உண்மை. அதே வருடம் செப்ரெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 70 சதவீதம் ஏறி நின்றதும் உண்மைதானே? டொலர் என் சட்டைப்பையில் ஏறியது, சாமான் உங்கள் கடையில் ஏறியது. நடுவில் நின்று சிரித்த ஒருவரையும் நான் காணவில்லை.

இனிப் பெட்டிக் கணக்கு. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. நாலு பேருக்கு 184 கிலோ. அதில் எங்கள் உடுப்பு ஒரு பெட்டி. மிச்சம் ஏழும் உங்களுடையவை என்று ஊர் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது என நினைக்கிறேன். இதுவரை வந்த பட்டியலில் சொக்லட், சம்பூ, கோடாலித் தைலம், சப்பாத்து, ஒரு தையல் மெசின் எல்லாம் இருக்கின்றன. கோடாலித் தைலம் கனடாவில் செய்வதில்லை அக்கா. மன்னார்க் கடையில் வாங்கித் தடவினாலும் தலையிடி போகும். ஆனாலும் பதினையாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்த தைலத்துக்குத்தான் ஊரில் நெற்றி குனியும் என்பது தெரியும். ஆகவே அதற்கு இடம் ஒதுக்கியாயிற்று. தையல் மெசினுக்கு மன்னிப்பு.

திரும்பி வரும்போது பெட்டிகள் ஒடியல், பனாட்டு, பேசாலைக் கருவாடு என்று நிறையும். கருவாட்டைச் சுங்கப் படிவத்தில் ஒளிக்காமல் எழுத வேண்டும். ரொறன்ரோ விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமானை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்கள் நிற்கின்றன. எங்கள் பாரைக் கருவாட்டைக் கண்டுபிடிக்க நாய் தேவையில்லை. தடிமன் பிடித்த அதிகாரி ஒருவர் போதும்.

பிள்ளைகள் தங்கள் பங்குக்கு ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார்கள். ஒன்று, தெருவில் நிற்கிற கழுதைகள். நாலுகாற் பிராணியைப் பார்க்க இங்கே வாசலில் டிக்கெட் எடுக்க வேண்டும். மன்னாரில் அது தானாக வந்து வானை மறிக்கும் என்றதை அவர்கள் நம்பவில்லை. இரண்டு, பள்ளிமுனைப் பெருக்க மரம். மூன்று, 1560இல் போர்த்துக்கேயர் கட்டிப் பிறகு ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. நாலு, திருக்கேதீச்சரமும் பாலாவியும். ஐந்து, தென்கரையில் நிற்கிற முப்பது காற்றாலைகள்; நான் புறப்பட்டபோது அங்கே பனையும் காற்றும் மட்டுந்தான் நின்றன. ஆறு, வங்காலையில் பூநாரை. ஆறாவதில்தான் சிக்கல். பூநாரைக் கூட்டம் மாரி காலத்தில்தான் வரும். அதற்காக டிசம்பருக்குப் பயணத்தைத் தள்ளினால் டிக்கெட் விலையில் பூநாரையை விட உயரமாகப் பறக்க வேண்டியிருக்கும். படத்தில் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

இந்தப் பட்டியலுக்கு விலை போடக் கொப்பியைத் திறந்தவன் அப்படியே மூடிவிட்டேன். மரத்தைப் பார்க்கக் காசில்லை. பாலாவியில் கால் நனைக்கக் காசில்லை. கழுதை, காற்று, கடற்கரை ஒன்றுக்கும் காசில்லை. மடுவில் காட்டு மரத்தடியில் கூடாரம் அடித்து, மூன்று கல் வைத்துச் சோறு காய்ச்சுவோமே, இங்கே அதற்குக் 'காம்பிங்' என்று பெயர். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் அப்படிப் படுக்க ஐந்து மாதத்துக்கு முன்னமே பதிவு தொடங்கிவிடும். ஆட்கள் விடியற்காலை எழும்பி கொம்பியூட்டருக்கு முன்னால் காவல் இருந்து இடம் பிடிக்கிறார்கள். மாதா இவ்வளவு காலமும் பதிவே இல்லாமல் சனத்தைப் படுக்க விடுகிறாவே! 2008 ஏப்ரலில் சண்டைக்குள் மடு மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் அதே வருடம் ஓகஸ்டில் அவ வீட்டுக்குத் திரும்பிவிட்டா. இடம்பெயர்ந்தவர்களுக்குள் அவ்வளவு கெதியாகத் திரும்பியது அவ ஒராள்தான். எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை.

அப்படியானால் கொப்பியில் ஆகப் பெரிய செலவு எது தெரியுமா? டிக்கெட் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெயர் இல்லாத ஒரு நிரல் கடைசியில் வளர்ந்துகொண்டே போகிறது. சாமத்திய வீட்டுக்கு ஒரு கவர். கலியாண வீட்டுக்கு ஒரு கவர். அதில் ரூபாய்த் தாள் வைத்தால் குறைவு, டொலர்த் தாள் வைத்தால்தான் நிறைவு. உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பதினொரு சட்டை. மாற்றாட்களை விட்டால் மனவருத்தம் என்று பதினாறு. ஊர் முழுக்க முச்சக்கர வண்டி இருக்க, கனடாக்காரன் குளிரூட்டிய வானில் போகவேண்டும். அக்கா வீடு இருக்க, ஹோட்டலில் நிற்கவேண்டும் என்று உங்கள் மூத்தவனே எழுதுகிறான். பஸ்ஸில் போனால் "பாவம், அங்கே வேலை போயிற்றோ" என்று கேட்பார்களாம்! இதெல்லாம் யாரும் வற்புறுத்திக் கேட்பதும் அல்ல. போன கனடாக்காரன் செய்தான், அதனால் வருகிறவனும் செய்கிறான். அவனுக்கு முந்தினவன் சீட்டெடுத்துச் செய்தானா, கடனட்டையில் செய்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன்: அவனும் கடனில்தான் செய்தான்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

ரயில் எந்த நாளில் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று அத்தானை மன்னார் நிலையத்தில் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். 2015இல் தலைமன்னார்வரை திரும்பவும் பாதை திறந்த பிறகு பிள்ளைகள் அதில் ஏறியதில்லை. ரயில் சரிவராவிட்டால் மதவாச்சி வழியாக வான்; அதையும் நீங்களே பேசுங்கள். நான் பேசினால் என் தமிழில் ஒன்ராறியோ மணக்கும், கூலி உயரும்.

பட்டியல் கொடுத்தவர்களிடம் நோகாமல் சொல்லுங்கள்: வீட்டுக்கு ஒரு பொதி, அவ்வளவுதான். கவர் எல்லாவற்றுக்கும் உள்ளூர் அளவு என்ன என்று நீங்கள் சொல்வதையே வைப்பேன். சட்டை பதினாறுக்கும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முதுகில் என் பெயர் வேண்டாம்.

நாங்கள் நிற்பது உங்கள் வீட்டில்தான். சாப்பாட்டுக் காசு உங்கள் கையில் தருவேன். வாங்கமாட்டேன் என்று சண்டைக்கு வரக்கூடாது. நண்டு நீங்கள் போய் வாங்குங்கள். நான் துறைக்குப் போனால் நண்டுக்கும் விமானக் கூலி சேரும். அம்மாவின் மருந்துச் செலவுக்கு மாதாமாதம் அனுப்புவதில் இந்தப் பயணத்துக்காக ஒரு சதமும் குறைக்கமாட்டேன். கொப்பியில் முதல் வரியாக எழுதி அடிக்கோடு போட்டிருப்பது அதைத்தான்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குத் தெரிந்த பொடியன், பெட்டை ஆராவது வெளிநாடு போகப் புறப்பட்டால் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். விமானக் கூலி ஒருமுறை கட்டினால் தீர்ந்துவிடும். பவிசுக்குக் கட்டுகிற காசுக்குக் கடைசித் தவணை என்று ஒன்று கிடையாது.

அத்தானுக்கு என் அன்பு. அம்மாவிடம் திகதியை மட்டும் சொல்லுங்கள், கணக்கைச் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி