டயல்-அப் மோடத் திருத்தவியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

டயல்-அப் இணைப்பைச் சீர்செய்யும் திருத்தங்கள் நால்வகைப்படும்: ஒலித் திருத்தம், பொறுமைத் திருத்தம், பொதித் திருத்தம், எண் திருத்தம். மூன்றாவது நீங்கலாக மற்றவற்றுக்கு மூலம், 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்தில் தொடங்கிவைத்த 'ஏடி' கட்டளை மரபு. 'எம்0' என்றால் மோடம் வாயை மூடும். வேகம் கூடாது, வீட்டார் தூங்குவர். 'எக்ஸ்3' என்றால் டயல் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். நம்மூர் எக்ஸ்சேஞ்சின் முனகலைக் கேட்டு, அமெரிக்க டோனுக்குப் பழகிய மோடம் 'டயல் டோன் இல்லை' என்று சாதிக்கும்போது இது கைகொடுக்கும். விண்டோஸ் 95இன் 1500 பைட் பொதியை 576 ஆக்குக என்போர் வடகலையார்; ஆகாது என்போர் தென்கலையார். இவற்றுக்கு இவ்வளவு போதும்.

ஆய்வுக்குரியது நான்காவதே. 1994இன் வி.34 தரப்படி 28,800இல் இணைந்த மோடம், பல தயாரிப்புகளில், 'டபிள்யூ2' என்று பணித்தால் தொலைபேசிக் கம்பியின் வேகத்தைச் சொல்லும். 'டபிள்யூ0' என்று பணித்தால் தனக்கும் கணினிக்கும் இடையிலுள்ள கேபிளின் வேகத்தைச் சொல்லும். பின்னது வழக்கமாக 115,200. ஓர் இலக்கம் மாறியதும் திரையில் வேகம் மிகச் சரியாக நான்கு மடங்கு. கம்பியைத் தொடவில்லை, தொலைபேசி இலாகாவுக்கு மனு எழுதவில்லை. இதனினும் சிறந்த திருத்தம் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. இங்கே பாடபேதம் ஒன்று உண்டு. எண் இல்லாத கட்டளையைப் பூஜ்யம் உள்ளதாகவே மோடம் கொள்ளுமாதலால் 'டபிள்யூ0', 'டபிள்யூ' இரண்டும் ஒன்றே. பொருள் வேறுபாடு அற்ற இடத்தில்தானே உரைகள் செழிக்கும்? பூஜ்யம் வெளிப்படை என்பர் ஒரு சாரார். தொக்கி நின்றது என்பர் மறுசாரார். அட்டை கிழிந்த கையேட்டுப் பிரதியில் தெரியும் வட்டம் பூஜ்யமே அன்று, காப்பிக் கறை என அடிக்குறிப்பில் நிறுவுவர் மூன்றாமவர். அது ஃபில்டர் காப்பியா, சுக்குக் காப்பியா என்பதில் மூன்றாமவரின் மாணாக்கர் இரண்டாகப் பிரிந்து, இரு தரப்பினரும் முனைவர் பட்டம் பெறுவர்.

"பக்கம் முன்போலவே ஊர்ந்துதானே வருகிறது?" என்று தடை எழுப்புவோர் உளர். பக்கம் வருவது வேறு, வேகம் கூடுவது வேறு. இவ்வாய்வு பின்னதைப் பற்றியது. வி.42பிஸ் முறை எழுத்துகளை நான்கில் ஒன்றாகவும் சுருக்கவல்லது, ஆதலின் 115,200 முழுப்பொய் அன்று என வக்காலத்து வாங்குவோரும் உளர். ஏற்கெனவே சுருங்கிய ஜேபெக் படமும் ஜிப் கோப்பும் அந்த முறைக்கு மசிவதில்லை. தவிரவும், எண்ணை மெய்யாக்கப் புறப்படுவது இத்துறையின் பிழைப்பில் மண் போடுவதாகும். 1998இல் வி.90 வந்து 56,000 என்றது. அனுப்பும் வேகம் 33,600க்கு மேல் போகவில்லை, பெறும் வேகமோ எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை வரும் செம்புக் கம்பியின் யோக்கியதைக்குக் கட்டுப்பட்டது. கம்பியைத் திருத்த ஏணியும் ஆளும் வேண்டும். எண்ணைத் திருத்த விசைப்பலகை போதும். ஆய்வின் தரத்தை மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கும் பல்கலைக்கழகங்கள் இதை மோடத்தின் துணையின்றியே கண்டுகொண்டன. அங்கே 'டபிள்யூ0' நிரந்தர ஏற்பாடு.