பயப்படுறதையாவது ஒழுங்காப் பயப்படு மாப்ளே!

வா மாப்ளே, உக்காரு. ஒங்க ஆத்தா எல்லாத்தையும் சொல்லிட்டா. சிங்கப்பூர்ல வேலை கிடைச்சாச்சு, திருச்சியில இருந்து டிக்கெட்டும் போட்டாச்சு, மாப்ளைக்குச் சோறு மட்டும் எறங்கலையாம். பிளேன்னா பயமாம். நல்லது. 'பயப்படாதே'ன்னு நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி எவனுக்கும் பயம் போனதா நான் பார்த்ததில்ல. ஆனா பயப்படுறதுக்கும் ஒரு மொறை இருக்குல்ல? நீ மொறை தப்பிப் பயப்படுறே. அதான் எனக்கு வருத்தம்.

ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல வச்சுக்கிட்டு, போலீசைப் பார்த்ததும் தலையில கவுக்குற ஆளு நீ. பஸ்ஸுல டிரைவர் ஒத்தக் கையில போன் பேசிக்கிட்டே வளைவுல லாரியை முந்துறான், நீ பக்கத்துச் சீட்டுக்காரன் தோள்ல சாஞ்சு வாயைப் பொளந்து தூங்குறே. 2022ல மட்டும் நம்ம நாட்டு ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேருன்னு சர்க்காரே கணக்குச் சொல்லுது. நாளொன்னுக்கு 460 பேருக்கு மேல. தெனம் நடக்குறதால அதெல்லாம் பேப்பர்ல ஓரத்துல ரெண்டு வரி.

'அகமதாபாத்துல பிளேன் விழுந்துச்சே மாமா'ம்பே. விழுந்துச்சு. 2025 ஜூன்ல. உள்ள இருந்த 242 பேர்ல ஒருத்தர்தான் பொழச்சார். எனக்கும் அடிவயிறு கலங்குச்சு. அதை மூடி மறைச்சு ஒனக்கு ஆறுதல் சொல்லப்போறதில்ல. ஆனா நித்தம் லட்சம் விமானம் பறக்குற ஒலகத்துல, ஒண்ணு விழுந்தா மாசக்கணக்கா ஊரெல்லாம் அதே பேச்சா இருக்கு பாரு. அவ்வளவு அபூர்வம்.

இப்ப பயம் போச்சா? போகாது. பயத்துக்குக் கணக்கு ஏறாது. நீ பத்தாவதுல வாங்குன மார்க்கைப் பார்த்தா ஒனக்கும் ஏறாதுன்னுதான் தெரியுது. அதனால கணக்கை விடு, சங்கதிக்கு வருவோம்.

வண்டி கெளம்பி மேல ஏறுனதும் காலுக்குக் கீழ 'கடக்'னு ஒரு சத்தம் வரும். சக்கரத்தை உள்ள மடக்குறாங்க. கொஞ்ச நேரத்துல எஞ்சின் இரைச்சல் கம்மியாகும், வயிறு லேசா எறங்குன மாதிரி இருக்கும். 'அய்யோ நின்னுபோச்சு'ன்னு குலசாமியைக் கூப்பிடாதே. ஏறுறதுக்குக் குடுத்த எஞ்சின் விசையைக் கொறைக்கிறாங்க, அம்புட்டுத்தான். 'டிங்'குனு மணி அடிக்கும். பாதிநேரம் அது எவனோ தண்ணி கேக்குறது. ஜன்னல் வழியாப் பார்த்தா ரெக்கை ஆடும். ஆடத்தான் செய்யும், ஆடாத ரெக்கைதான் ஒடியும். பறக்குறப்ப வரக்கூடிய பெரிய பாரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏத்தி வளைச்சுப் பார்த்துட்டுத்தான் அந்த மாடலையே பறக்க விடுறான்.

ஒரு எஞ்சின் நின்னா இன்னொண்ணை வச்சு எறங்கிடலாம். ரெண்டும் நின்னா? 2001ல அட்லாண்டிக் கடலுக்கு மேல ஒரு கனடா விமானத்துல எரிபொருள் ஒழுகி ரெண்டும் நின்னுச்சு. பத்தொம்பது நிமிசம் சும்மா காத்துல சறுக்கியே போய் அசோர்ஸ் தீவுல எறக்கிட்டாங்க. 306 பேரும் உசுரோட வீடு போய்ச் சேர்ந்தாங்க. எஞ்சின் நின்ன மறுகணம் கல்லு மாதிரி விழுறதெல்லாம் நீ பார்த்த சினிமாவுல.

மூச்சு முட்டுமோன்னு ஒரு பயம் வேற. அம்புட்டு ஒசரத்துல பறந்தாலும் உள்ள இருக்குற காத்தழுத்தம் எட்டாயிரம் அடி மலைமேல இருக்குற கணக்குக்குக் கீழ போகாம வச்சிருப்பான். கொடைக்கானலே ஏழாயிரம் அடி. அங்க பஜ்ஜி தின்னுக்கிட்டே மூச்சு விட்டவன்தானே நீ?

நெசமாப் பயப்பட வேண்டிய விசயம் ஒண்ணு இருக்கு. பெல்ட். 2024 மே மாசம் லண்டன்ல இருந்து சிங்கப்பூர் போன விமானம் பர்மாவுக்கு மேல குலுங்குனப்ப ஒருத்தர் செத்தார், பல பேருக்கு அடி. பெல்ட் போடாதவங்க கூரையில போய் முட்டுனாங்க. சீட்டுல இருக்குற வரைக்கும், பெல்ட் வெளக்கு அணைஞ்சாலும் கழட்டாதே. ஆட்டம் பொறுக்காதுன்னா ரெக்கைக்குப் பக்கத்துச் சீட்டாக் கேட்டு வாங்கு, வால்பக்கம்தான் கூட ஆடும். அடுத்த தடவையில இருந்து விடியக்காலை வண்டியாப் போடு, வெயில் ஏறுனாத்தான் தரைச்சூடு கெளம்பி வண்டியைத் தூக்கிப் போடும்.

அப்பவும் பயம் வரும். அது கல்யாணத்துக்கு அழைக்காம வர்ற பங்காளி மாதிரி. வாசல்ல நிறுத்தித் தொரத்துனா ரகளை பண்ணுவான், ஒரு இலையைப் போட்டு உக்கார வச்சா தின்னுட்டுப் போயிடுவான். வந்தா வரட்டும். நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி மெதுவா விடு. பணிப்பெண்கிட்ட 'எனக்குப் பயமா இருக்கும்மா'ன்னு சொல்லிடு. தெனம் நாலு பேரைப் பார்க்குற பிள்ளை, சிரிக்காது. சீட்டுக் கைப்பிடியைப் போட்டு நசுக்காதே. நீ பிடிச்சிருக்கேன்னு விமானம் நிக்கல. தைரியத்துக்குன்னு பீரைக் கேட்டுடாதே, போதை எறங்குறப்ப படபடப்பு கூடத்தான் செய்யும். காப்பியும் வேணாம். மாத்திரை வேணும்னா டாக்டர் எழுதிக் குடுக்கணும், பக்கத்து வீட்டு மைனர் குடுக்கக் கூடாது.

ஒன்னோட உண்மையான சீக்கு என்ன தெரியுமா? விழுந்துருவோம்கிறது இல்ல. ஓட்டுறது நீ இல்லைங்கிறது. முன்னாடி ரெண்டு பேரு, வருசா வருசம் பரீட்சை எழுதி, ஒடம்பைச் சோதிச்சுக் காட்டி ஓட்டுறாங்க. ஒன் லைசென்ஸு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நீ ஓட்டாத வரைக்கும் அந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாது.

சரி, கெளம்பு. பயத்தையெல்லாம் இங்கேருந்து திருச்சி போற ரோட்டுலயே பயந்து முடிச்சுடு, அங்கதான் அதுக்கு வேலை. ஒங்க அத்தை குடுத்த ஊறுகாயைக் கைப்பையில வைக்காதே, பிடுங்கிருவான். பெரிய பெட்டியில போடு. லீவுல வர்றப்ப எனக்கு ரெண்டு பாட்டில் கோடாலித் தைலம் வேணும். கப்பல்ல அனுப்புறேன், ஆள்கிட்டக் குடுத்துவிடுறேன்கிற சோலியெல்லாம் வேணாம். நீயே பறந்து வந்து கையில குடுக்கணும்.