தறிவீட்டில் உதிரிச் சாமான்களின் இருப்பிடம்: ஆர்.கே.பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

சோழர் கால ஏரிகளைப் பற்றி ஆய்வேடுகள் உண்டு. சங்க இலக்கியத்தில் கொசு என்று யாராவது முனைவர் பட்டம் வாங்கியிருந்தாலும் வியப்பதற்கில்லை. ஆனால் விசைத்தறி ஓடும் வீட்டில் 52 பல் சக்கரம் எங்கே இருக்கும் என்பது குறித்து நம் ஆய்வுலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், ஆர்.கே.பேட்டை என்று சுருங்கிவிட்ட ராமகிருஷ்ணராஜுப்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள தறி ஊர்களும். இதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை என்றால் ஸ்டோர்ஸ் என்று தனி அறை, அதற்கொரு ரிஜிஸ்டர், அதைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடும் ஒரு பொறுப்பாளர் எல்லாம் உண்டு. இங்கே தொழிற்சாலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டோர்ஸ் எனப்படுவது அரிசி டின்னுக்கும் சாமி மாடத்துக்கும் நடுவே மிஞ்சிய இடம்.

சாமான்களுள் தலையாயது அச்சு. அஃது யாதோ எனின், எஃகுப் பற்களை நெருக்கி வைத்துக் கட்டிய நீண்ட சீப்பு என்க. நெடுக்கே ஓடும் பாவு இழைகள் அதன் இடுக்குகள் வழியே வரும். குறுக்கே விழும் ஊடையை அடித்து நெருக்குவதும் அதுவே. 64ஆம் நம்பர் அச்சு என்றால் 2 அங்குலத்தில் 64 இடுக்கு. இடுக்குக்கு இரண்டு இழை விட்டால் அங்குலத்துக்கு 64 இழை. லுங்கிக்கு ஒன்று, சேலைக்கு வேறொன்று என்று மாற்ற வேண்டியிருப்பதால், தறியில் இருப்பதைவிடச் சும்மா இருக்கும் அச்சுகளே வீட்டில் அதிகம். ஒரு பல் வளைந்தால் போதும், துணி நெடுகக் கோடு விழும். துருப் பிடித்தால் இழை அறும். இத்தனை நுட்பமான பொருளை எங்கே வைக்கிறார்கள் எனின், பீரோவின் மேல். அதன் மேல் இரண்டு பாய். பாயின் மேல், விருந்தாளி வந்தால் மட்டும் இறங்கும் தலையணைகள்.

அடுத்தது பல்சக்கரம். நெய்த துணி எவ்வளவு வேகத்தில் சுருள வேண்டும் என்று தீர்மானிப்பது இதுதான். பிக்கிள்ஸ் முறையில் நிலையான சக்கரத்துக்கு 36 பல் இருந்தால், மாற்றிப் போடும் சக்கரத்தில் எத்தனை பல்லோ அங்குலத்துக்கு அத்தனை ஊடை விழும். கணக்கு என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 52 பல்லையும் 54 பல்லையும் பார்வையால் பிரித்தறிந்தவர் எவருமிலர். ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்து எண்ணத் தொடங்குவார்கள். நாற்பதைத் தாண்டும்போது தண்ணீர் லாரி வந்துவிடும்.

ஊடை நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடும் நாடாவின் கதை வேறு. பறக்கும் நாடாவுக்கு ஜான் கே 1733இல் காப்புரிமை வாங்கினார். கட்டம் போட்ட லுங்கிக்கு நிறத்துக்கொரு நாடா வேண்டும். எல்லாம் ஒரே எடை, ஒரே அளவில் இருந்தால்தான் தறி ஒழுங்காக ஓடும். ஆகவே ஒரு செட்டைப் பிரிக்கலாகாது. பிரிப்பவர்கள் குழந்தைகள். அவர்கள் கையில் நாடா திருத்தணி பஸ் ஆகிவிடுகிறது. இரண்டு முனையும் கூராக இருப்பதால் ரிவர்ஸ் எடுக்கும் வேலையும் இல்லை.

இவற்றை ஒழுங்குபடுத்த ஒரு கோட்பாடு தேவை. அயல்நாடு போக வேண்டாம். சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அவர் கொள்கைப்படி எதையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து முகங்களால் வகைப்படுத்தலாம். தறிவீட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆளுமை என்பது கடைசியாக எடுத்தவர் யார் என்னும் வினா. விடை எப்போதும் ‘நான் இல்லை’. பொருளைப் பற்றிச் சிக்கலில்லை: இரும்பு எண்ணெய் டப்பாவில், மரம் வெயில் படாத மூலையில். ஆற்றல் என்பது கரண்ட். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1000 ஆனது. தறி ஓடும்போது யாரும் எதையும் தேடுவதில்லை. கரண்ட் போனால்தான் தேடுகிறார்கள், அதாவது இருட்டில். காலம் என்பது முதலாளி டிசைனை மாற்றச் சொல்லும் நாள். இடம் மட்டும் விளங்கவில்லை.

அங்கேதான் கோட்பாடு தோற்று, வீட்டுப் பெண்கள் ஜெயிக்கிறார்கள்.

“அம்மா, 52 எங்க?”

“பொங்கலுக்கு முன்னாடி உங்க சித்தப்பா வாங்கிட்டுப் போனாரு. நாம குடுத்தது 52. திரும்பி வந்தது 54. பல்ல எண்ணிப் பாருடா.”

எந்த நூலகத்து அட்டவணையும் இப்படிப் பதில் சொல்லாது. இவ்வட்டவணையைக் கலந்தாலோசிக்காமல் தேடினால் திட்டு விழும். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதால், பல வீடுகளில் அத்திட்டு தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையும் நடக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல்நாள் தறிக்கடியில் சேர்ந்த பஞ்சை வாரும்போது, தொலைந்ததாக எழுதித் தள்ளப்பட்ட ஸ்பேனரும் நாலாவது நாடாவும் வெளிப்படும். மறுநாள் அவை சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக அமர்ந்திருக்கும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அன்றைக்குப் பார்த்து எந்தத் தறியும் ஓடாது. பூஜை முடிந்ததும் குங்குமத்தைத் துடைத்துப் பழையபடி எங்காவது வைத்துவிடுவார்கள்.

ஆய்வாளர் என்ற முறையில் பரிந்துரை சொல்லாமல் போகக் கூடாது. சக்கரத்தின் முகத்தில் பல் எண்ணிக்கையைப் பெயிண்டால் எழுதி ஆணியில் மாட்டுங்கள். சித்தப்பா கேட்டால் எழுதிவைத்துக்கொண்டு கொடுங்கள். அச்சை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பலகையில் தனியாக வையுங்கள். அதன் மேல் பாய் வேண்டாம். தலையணையும் வேண்டாம்.