82 வருஷம் காத்திருந்த பக்கங்கள்

கேள்வி: கணிதக் கட்டுரை அனுப்பி ஒன்றரை வருஷமாச்சு. இன்னும் ‘பரிசீலனையில்’ என்கிறார்களே, நியாயமா?
– ஆய்வு மாணவி, அத்திப்பட்டு

பதில்: நியாயமில்லை அம்மா. ஆனால் துணைக்கு உங்கள் பக்கத்துத் துறைமுகத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிய ராமானுஜன்! தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றி (12-க்கு ஆறு உண்டு, அதற்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது) அவர் எழுதிய நீண்ட கட்டுரையை லண்டன் கணிதக் கழகம் 1915-ல் வெளியிட்டது. கழகத்துக்குப் பணமுடை, அதனால் பின்பகுதி அச்சேறவில்லை. நிக்கோலா, ரோபான் என்ற இரு பிரெஞ்சுக் கணிதர்களின் குறிப்புகளோடு அது வெளிவந்தது 1997-ல். ராமானுஜன் 1920-லேயே, 32 வயதில் போய்விட்டார். நினைத்தாலே நெஞ்சு வலிக்கிறது.

இன்றைய தாமதத்துக்குக் காரணம் வேறு. கணிதத்தில் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் சிலரே, அவர்களுக்குக் கூலியும் இல்லை. அதற்காக மாதக்கணக்கில் மௌனம் காப்பதா? ஆசிரியர் குழுவுக்கு மரியாதையாக ஒரு நினைவூட்டல் எழுதுங்கள். கட்டுரையை இன்றே ‘ஆர்க்கைவ்’ (arXiv) இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். 1991 முதல் இயங்குகிறது, கட்டணமில்லை. உங்கள் பெயரும் தேதியும் பதிவாகிவிடும்.