இன்னும் கிளம்பலையா அண்ணாச்சி?

ராஜபாளையத்தில் ஒருவர் வெளிநாடு போவது அவர் சொந்த விஷயம் கிடையாது. பஞ்சு மார்க்கெட் டீக்கடையில் வாய் தவறிச் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் ஜவகர் மைதானம் வரை செய்தி போய்விடும். ஊரார் மனசளவில் நம்மை வழியனுப்பிவிடுவார்கள். உடம்பு மட்டும் விமானம் ஏறும் நாள்வரை இங்கேயே அலைய வேண்டும். அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் என்று முடிவானதிலிருந்து என் பிழைப்பு இதுதான்.

டிக்கெட் என்னவோ பங்குனிக்குத்தான். ஆனால் தை மாதத்துக் கல்யாணங்களிலேயே மொய் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்க போகலையா?" என்கிறார். "இன்னும் போய்ச் சேரலையா அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

வீட்டில் இருக்கும் ராஜபாளையம் நாய்க்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிய நாள்முதல் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறது. ஒரு ஆளுக்குத்தான் அடங்கும் சாதி. ஆறு மாதம் யாரிடம் விடுவது? மைத்துனரைக் கேட்டேன். மறுநாளே அவருக்கு முதுகுவலி. 2005-ல் தபால் துறை இந்த இனத்துக்குத் தபால்தலையே போட்டது. அதில் ஒட்டிக்கொண்டு எத்தனை தேசம் போயிருக்குமோ, என் பயணம்தான் அதற்குப் பொறுக்கவில்லை.

பெட்டிக்கு 23 கிலோ, ஆளுக்கு ரெண்டு பெட்டி. என் மனைவியின் மிளகாய்ப்பொடி, மோர்மிளகாய், சுண்டைவற்றல் மட்டுமே ஒரு பெட்டியை நிரப்பிவிட்டன. பாக்கி இடத்துக்கு ஊரே போட்டி போடுகிறது. சத்திரப்பட்டிச் சித்தப்பா கட்டுக்கட்டாகக் கட்டுத்துணி கொடுத்தனுப்பியிருக்கிறார். "அங்க வைத்தியச் செலவு ஜாஸ்தியாம்ல." அவர் ஊர்த்தறியில் நெய்த துணி ஏற்றுமதியாகி எனக்கு முன்பே கடல் தாண்டிவிட்டது என்று சொன்னால் வருத்தப்படுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து அரைமணி நேர பஸ் பயணம். அங்கே போனால் எந்தக் கடையில் வாங்குவது என்பதில் எங்கள் குடும்பம் ரெண்டாகப் பிரியும். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பால்கோவாவுக்குத்தான். கடைக்கு இல்லை என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பண்டம், வெளியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். போதாக்குறைக்கு, கோமாரி நோய் உள்ள நாட்டுப் பால் பண்டம் என்றால் அமெரிக்கச் சுங்கத்தில் கெடுபிடி. நம்ம ஊர் மாட்டுக்கு வாய்ப்புண் வந்தால் நம்ம பெட்டியைத் திறப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கும் போய்வந்தோம். புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் சூடிய மாலையும் பட்டும் கிளியும் அங்கிருந்து திருப்பதிக்குப் போகின்றன. அந்த லக்கேஜை எவரும் தராசில் வைத்ததில்லை. பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, எடை அதிகமாகாமல் பார்த்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டேன். வெளியே வந்ததும் மனைவி மேலும் ரெண்டு கிலோ பால்கோவா வாங்கினாள்.

ஆகவே, அமெரிக்கவாழ் ராஜபாளையத்து உறவினர்களுக்கு ஒரு விண்ணப்பம்: யாரும் பால்கோவா கேட்டு போன் செய்ய வேண்டாம். வேண்டுமானால் கட்டுத்துணி தருகிறேன், நிறைய இருக்கிறது.