வெளிச்சம் விக்க வந்த தம்பிக்கு

வா தம்பி, திண்ணையில உக்காரு. கட்டிலு தொய்ஞ்சு கெடக்கு. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய நெழல்ல வையி. பெரம்பலூரு வெயிலு படிச்சவன் படிக்காதவன்னு பாக்காது.

என்னா தொழிலுன்னு சொன்ன? வெளிச்சத்த டிசைன் பண்றதா? அப்படிப் போடு. வெளக்கு ஏத்துறவளத் தெரியும். கம்பத்துல ஏறி மாட்டுற லைன்மேனத் தெரியும். வெளக்க எங்க வைக்கணும்னு ரோசனை சொல்லிக் காசு வாங்குறவன இப்பத்தான் பாக்குறேன். வெளிச்சத்த மாத்துனா எடத்துக்கே மனசு மாறும்ங்கிற. செவுத்துக்கு ஏதுடா மனசு? உள்ள உக்காந்திருக்கிறவனுக்குத்தான் மனசு. அவனுக்குப் பசிக்குதான்னு மொதல்ல கேட்டியா?

ஏன் சொல்றேன்னா, போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்துப் பேரு வேணாம், நாளைக்கு என் பேத்திக்கும் அங்கதான் எடம் கேக்கணும். உள்ள நொழைஞ்சா எங்க பாத்தாலும் ஊதா. கூரை ஊதா, தூணு ஊதா, மந்திரம் சொல்ற அய்யரு ஊதா. "கரண்டு ஏதும் கோளாறாப்பா?"ன்னேன். "தீமு தாத்தா"ன்னான் ஒருத்தன். சரி, அவங்க ஊட்டு விசேசம், அவங்க இஷ்டம். பந்தியில போயி உக்காந்தா அங்கயும் அதே ஊதா. எலையில ஊத்துனது ரசமா, வத்தக்கொழம்பா, பேனா மையா? வாழை எலையே கருப்பாக் கெடக்கு. பக்கத்துல இருந்த மச்சான் பீட்ரூட்டுப் பொரியல என்னமோ தீஞ்சதுன்னு ஒதுக்கி வச்சுட்டாரு. சமையக்காரன் ராத்திரி பூரா கண்ணு முழிச்சு ஆக்குனது. அவன் பாவம் யாருக்குடா புடிக்கும்?

உனக்குத் தெரியாததா? ஒரு பொருளு செவப்பாத் தெரியணும்னா, அது மேல விழுற வெளிச்சத்துல செவப்பு இருக்கணும். வெறும் நீலத்த அடிச்சா தக்காளியும் கருப்பாத்தான் நிக்கும். இத நீ காலேஜுல படிச்ச. தர்பூசணி விக்கிறவன் எந்தக் காலேஜுல படிச்சான்? அவன் கடைக்கு ஏன் செவப்புப் படுதா கட்டுறான், வெயிலுக்கா? வெயில மறைக்க நீலப் படுதா போதாதா? வெளுத்த பழத்தயும் செவக்கச் செவக்கக் காட்டி உன் நாக்குல எச்சி ஊற வைக்கிறான் பாரு, அவன்தான்டா இந்தப் பக்கத்துக்கு மொத வெளிச்ச டிசைனரு. என்னா, அவங்கிட்ட விசிட்டிங் கார்டு இல்ல.

அந்தக் கல்யாண மண்டபத்து நீலக் கூத்துக்கு வித்து 1990கள்ல ஜப்பான்ல போட்டது. செவப்பு எல்.இ.டி., பச்சை எல்.இ.டி. எல்லாம் அதுக்கு ரொம்ப முன்னயே வந்துடிச்சு. நீலந்தான் கைக்குச் சிக்காம ஆட்டங்காட்டுச்சு. அகாசாகி, அமானோ, நாகமுரான்னு மூணு பேரு வருசக்கணக்கா மல்லுக்கட்டிக் கொண்டாந்தாங்க. 2014ல நோபல் பரிசும் வாங்குனாங்க. நீலம் வந்தப்பறந்தான் வெள்ளை எல்.இ.டி. வந்திச்சு, கரண்டு மிச்சமாச்சு. நல்ல காரியந்தான், கையெடுத்துக் கும்புடலாம். ஆனா அவங்க மூணு பேரும் நம்ம ஊரு மாப்பிள்ளை மூஞ்சிய நெனச்சா கண்டுபுடிச்சிருப்பாங்க?

அப்பறம் நீ ஒரு கணக்கு சொன்ன. 2700 கெல்வின்னா கதகதப்பு, 6500ன்னா குளுமை. சூட்டளவு ஏற ஏறக் குளுமையாம்! சந்தையில சொல்லிப் பாரு, சிரிப்பாங்க. ஆனா கொல்லுப்பட்டறையில தொருத்தி ஊதுனவன் சிரிக்க மாட்டான். இரும்பு நெருப்புல மொதல்ல செவக்கும், அப்பறம் மஞ்சளாவும், இன்னும் ஏறுனா வெளுக்கும். அதுக்கு மேல நீலம் தட்டணும், அதுக்குள்ள இரும்பு உருகி ஓடிடும். அந்தச் சூட்டத்தான் நீ கெல்வின்ல அளக்குற. செவந்த வெளிச்சம் அடுப்பங்கரை ஞாபகம், அதனால நமக்குக் கதகதப்பு. வெளுத்த வெளிச்சம் நடு மத்தியானம். அகலு வெளக்கு 2000க்குக் கீழதான் நிக்கும். உன் அப்பாயி ஊட்டுக்குள்ள வச்சது அந்த வெளிச்சந்தான். எந்தக் கடையில அளந்து வாங்குனா?

வெளிச்சம் மனுசன மாத்தும்கிறத நான் இல்லங்கல. கண்ணுக்குள்ள பாக்குறதுக்கு ரெண்டு வகை செல்லுதான்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தாங்க. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதுக்கு உருவம் பாக்குறது முக்கிய வேலை இல்ல, இது பகலா ராவான்னு ஒடம்புக்குச் சேதி சொல்றதுதான் வேலைன்னு 2000ஐ ஒட்டித்தான் தெரிஞ்சுது. நீலம் தூக்கலா இருக்கிற வெளிச்சத்த ராத்திரியில கண்ணுல அடிச்சா அது பகலுன்னு எழுதிக்கும். தூக்கத்துக்குன்னு ஒடம்பு சுரக்கிற மெலடோனின் கொறைஞ்சு போவும். சரியா? சரிதான். ஆனா இதுக்கு மெய்யான புரொபசரு யாரு தெரியுமா? நாமக்கல்லு கோழி. முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருக்கணும்னு பண்ணையில பல்பு போடுறாங்க. பகலு நீண்டுச்சுன்னு அது நம்பி முட்டை போடுது. நீயும் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் வெள்ளை லைட்டுல போன நோண்டிக்கிட்டுக் கெடக்குற. முட்டையாவது போட்டியா?

லண்டன்ல பெருசா ஒரு வேலை பண்ணியிருக்காங்கன்னு படம் காட்டுன. டேட் மாடர்ன்னு கலைக்கூடம், 2003, ஓலாபர் எலியாசன்னு ஆளு. பெரிய கூடம், அந்தக் கடைசியில பாதி வட்டத்துல மஞ்சள் வெளக்கு, மேல கண்ணாடி. கண்ணாடி மீதிப் பாதிய ரொப்பி முழுச் சூரியனாக் காட்டுது. காத்துல சக்கரைத் தண்ணிப் பொகை விட்டானாம். எறையூரு சக்கரை ஆலைப் பக்கம் வந்திருந்தா ரெண்டு மூட்டை கொறைஞ்ச வெலைக்கு முடிச்சுக் குடுத்திருப்பேன். அந்த வெளக்கு ஒரே நெறத்துலதான் எரியும். மஞ்சளும் கருப்பும் தவிர வேற நெறமே கண்ணுக்குத் தெரியாது. சனங்க கூட்டங்கூட்டமாப் போயி, தரையில மல்லாந்து படுத்துப் பாத்தாங்களாம்.

இதுல சிரிக்க ஒண்ணு இருக்கு தம்பி. நம்ம பஸ் ஸ்டாண்டுகள்ல எத்தனை வருசம் மஞ்சள் சோடியம் வெளக்கு எரிஞ்சுது? அதுக்கடியில எத்தனை சனம் கடைசி பஸ்ஸ வுட்டுட்டு மல்லாந்து கெடந்துது? அவங்கள யாராவது கலைய ரசிக்கிறாங்கன்னு எழுதுனாங்களா? போலீசுதான் எழுப்பி வுட்டுச்சு. ஆனா அந்த எலியாசன் ஆளு கெட்டிக்காரன், மறுக்கல. மஞ்சள் வெளக்கு மட்டும் இல்ல அது. அவ்வளவு பெரிய கூடத்த மொதல்ல இருட்டா வச்சிருந்தான் பாரு, அதுலதான் சூச்சுமம்.

நம்ம பக்கம் வா. செயங்கொண்டத்துக்கு அந்தாண்ட கங்கைகொண்ட சோழபுரம். ராசேந்திர சோழன் கட்டுன கோயிலு, ஆயிரம் வருசம் ஆவப் போவுது. 2004ல யுனெஸ்கோக்காரங்க ஒலகச் சொத்துன்னு பட்டியல்ல சேத்தாங்க. உள்ள லிங்கம் மட்டும் பதிமூணு அடி. அங்க ஒரு சேதி சொல்லுவாங்க, நீயும் போன்ல பாத்திருப்ப: வெளியில நந்தி மேல படுற வெயிலு திரும்பிப் போயி கருவறையில வெளிச்சமா விழுதுன்னு. நான் தலையாட்டிக்குவேன். சொல்றவன் மனச எதுக்கு நோவடிக்கணும்? ஆனா திண்ணையில உக்காந்து ரோசிச்சுப் பாத்தேன். கோயிலு கெழக்கு பாத்தது. நந்தி சாமியப் பாத்து மேக்க உக்காந்திருக்கு. காலம்பற சூரியன் நந்தி முதுகுல அடிக்குது. முதுகுல பட்ட வெளிச்சம் மூஞ்சி வழியா எப்படிடா உள்ள போவும்? சாயங்காலம் நந்தி மூஞ்சிக்கு வெயிலு வரணும்னா, நடுவுல 180 அடி விமானம் நிக்குது. நீ இஞ்சினியரு, நீயே சொல்லு.

அதிசயம் அங்க இல்ல. உச்சி வெயில்ல புல்தரையக் கடந்து போற. கண்ணு கூசுது, காலு சுடுது. படி ஏறி மண்டபத்துக்குள்ள காலு வச்சதும் ஒண்ணுந் தெரியல. தூணத் தடவிக்கிட்டு நிக்கிற. கண்ணு இருட்டுக்கு முழுசாப் பழக அரை மணி நேரம் ஆவும். உள்ள நடக்க நடக்க இருட்டு கூடுது. பேச்சு தன்னால கொறையுது, யாரும் "அமைதி காக்கவும்"னு போர்டு வைக்கல. கடைசியில குருக்கள் ஒரு தட்டுல சூடத்தக் கொளுத்தித் தூக்குறாரு. ஒத்தச் சூடம்! அவ்வளவு பெரிய லிங்கம் அப்படியே எழுந்து வருது. உன் பெட்டியில இருக்கிற ஆயிரம் பல்பும் சேந்து அதச் செய்யுமா? ஏன் செய்யாது? நீ இருட்ட மிச்சம் வைக்க மாட்ட. வெளிச்சத்துக்கு பில்லு போடலாம், இருட்டுக்கு எப்படி பில்லு போடுறது? அங்கதான் உங்க தொழிலே சறுக்குது.

இன்னொண்ணு கேளு, இது ஆட்டுக்காரன் சங்கதி, எனக்கு வாயூறும். சோழன் காலத்துல கோயில்ல ஒரு நந்தா வெளக்கு, அதான் அணையாத வெளக்கு, எரியணும்னா என்னா ஏற்பாடு? கல்வெட்டுல கெடக்கு: ஒரு வெளக்குக்கு 96 ஆடு. மேய்க்கிறவன் கையில குடுத்துடுவாங்க. அவன் நாளொண்ணுக்கு உழக்கு நெய்யி அளக்கணும். சந்திரன் சூரியன் இருக்கிற மட்டும் அளக்கணும். அந்த ஆடுங்களுக்குச் சாவா மூவாப் பேராடுன்னு பேரு. சாவாத ஆட்ட நான் எந்தச் சந்தையிலயும் பாத்ததில்ல. செத்தாலும் கெழடானாலும் குட்டிய எடுத்து எண்ணிக்கைய நேரு பண்ணிக்க, கணக்குல 96 கொறையக் கூடாதுங்கிறது ஏற்பாடு. மேய்ச்ச காசும் வைத்தியச் செலவும் யாரு குடுத்தாங்கன்னு என்னைக் கேக்காத, எனக்கே வயிறு எரியுது.

ஆனா கணக்கப் பாரு. தானம் குடுத்தவன் வெளக்க மட்டும் குடுத்துட்டுப் படம் புடிச்சுக்கிட்டுப் போவல. நாளைக்கு நெய்யி எங்கேந்து வரும், நாளன்னைக்கு யாரு ஊத்துவான், அவன் செத்தா அவன் மவன் ஊத்துவானான்னு கல்லுல வெட்டிட்டுப் போனான். நீ என்னா பண்ற? தொறப்பு விழா அன்னைக்கு மந்திரி வந்து பொத்தான அமுக்குறாரு, செடி, மரம், பொம்மை எல்லாம் மினுக்குது. ஆறு மாசத்துல யானைக்குத் தும்பிக்கை எரியல, மயிலுக்கு வாலு எரியல. அரியலூரு பக்கம் சுண்ணாம்புக்கல்லு லாரி போற ரோட்டுல மாட்டுனன்னு வையி, ஒரு மழை வர்றதுக்குள்ள தூசி ஏறி உன் 6500ம் 2700 ஆயிடும். தொடைக்கிறவன் யாருன்னு உன் கம்ப்யூட்டர் பெட்டியில ஒரு கட்டம் போட்டிருக்கியா?

சிறுவாச்சூருக்கு நீ போயிருக்க மாட்ட, பெரிய ரோட்டுல பறந்துடுவ. மதுரகாளியம்மன் கோயிலு திங்களும் வெள்ளியுந்தான் தொறக்கும். பொம்பளைங்க ஊற வச்ச அரிசியக் கொண்டாந்து அங்கயே ஒரல்ல இடிச்சு, வெல்லம் போட்டுப் பெசஞ்சு, நடுவுல குழி வச்சு, நெய்யூத்தித் திரி போட்டு மாவெளக்கு ஏத்துவாங்க. வரிசையா எரியறப்ப அந்த மூஞ்சிங்களப் பாரு. மருமவளோட சண்டை போட்டுட்டு வந்தவ மூஞ்சியும் இளகிக் கெடக்கும். எரிஞ்சு முடிஞ்சதும் வெளக்கப் பிட்டுத் தின்னுட்டு பஸ் ஏறிடுவாங்க. ஒயரு இல்ல, குப்பை இல்ல, அடுத்த வருசம் ரிப்பேரும் இல்ல.

இதுக்காக ஒன்னத் தொழில வுட்டுடுன்னா சொல்றேன்? கெடக்கட்டும், பொழைக்கணுமே. ஆஸ்பத்திரியில போயி நோயாளி படுக்கிற எடத்துல ராத்திரிக்கு மங்குன மஞ்ச வெளிச்சம் போடு, புண்ணியம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கண்ணு கூசாமப் படிக்க வழி பண்ணு. பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குப் போற வழியில ஒண்ணு மாட்டு, ஊரு பொம்பளைங்க உன் பேரச் சொல்லும். அங்கெல்லாம் போட்டோ நல்லா வராது, அதான உன் கவலை?

மத்தது எப்படியோ போவட்டும். நீ காட்டுன அந்தக் கடைசிப் படம், ஏரிக் கரையில லேசரு, தண்ணி மேல கலர் கலரா வெளிச்சம், அது கரைவெட்டி ஏரிதான? திருமானூரு பக்கத்துக் கரைவெட்டிதான? நல்லாப் பாத்துத்தான் எடம் புடிச்சிருக்க. 2024ல ராம்சார்ங்கிற ஒலக ஈரநெலப் பட்டியல்ல ஏறுன ஏரி அது. வரித்தல வாத்து இமயமலையத் தாண்டி அங்க வந்து எறங்குது. ராத்திரியில பறக்கிற பறவைங்க நட்சத்திரத்தப் பாத்து வழி கண்டுபுடிக்குங்க. நீ கீழேந்து பத்து நட்சத்திரத்த வுட்டா அதுங்க எதக் கண்டு எறங்கும்? பறவைக்கு மனநெலைய மாத்துறேன்னு கெளம்பாத. மேட்டூரு தண்ணி வாய்க்கால்ல வந்து ஏரி ரொம்புச்சுன்னா அதுங்க மனநெலை தானா மாறும்.

அந்த ஏரிப் படத்த மட்டும் இப்பவே அழிச்சுடு, நான் பாக்குறேன். இல்ல, கலெக்டரு கிட்டயே பர்மிசன் வாங்கிடுவேன்னு கெளம்புனன்னா போ. வனத்துறைக்காரங்க வந்து சேர்றதுக்கு நேரமாவும். நான் பக்கத்துலதான் ஆடு மேய்க்கிறேன், கையில தொரட்டி இருக்கும்.